ஏழு தோல்வி, ஒரு வெற்றி: 2025 ஜூனில் இந்திய ஹாக்கிக் குழுவுக்கு என்ன ஆனது?

சிங்கப்பூரில் இந்திய ஆண்கள் ஹாக்கியை விடாமல் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவன் நான் என்று தெரிந்துவிட்டதால், தேக்காவில் பார்த்தாலும் செங்காங் ஹாக்கி அரங்கத்தில் பார்த்தாலும் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. 2025 ஜூனில் அந்தக் குழு தொடர்ந்து தோற்றபோது ஆரம்பித்த கேள்விகள் டிசம்பர் வரை நிற்கவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

புரோ லீக், புரோ லீக்னு சொல்றீங்களே அண்ணே, அது என்ன? உலகக் கிண்ணம் மாதிரியா?

இல்லை. உலகக் கிண்ணம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். புரோ லீக் மாதக்கணக்கில் நடக்கும். அனைத்துலக ஹாக்கிச் சம்மேளனம் நடத்துகிறது. 2024-25 பருவத்தில் ஆண்கள் பிரிவில் 9 நாடுகள். ஒவ்வொரு நாடும் மற்ற எட்டு நாடுகளோடு இரண்டிரண்டு முறை ஆட வேண்டும், ஆக மொத்தம் 16 ஆட்டம். வென்றால் 3 புள்ளி. சமநிலையில் முடிந்தால் ஷூட்அவுட் (ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரோடு மட்டும் மோதி கோல் அடிக்கப் பார்ப்பது) வைத்து, அதில் ஜெயித்தவருக்கு 2, தோற்றவருக்கு 1. கடைசியில் நிற்கும் குழு கீழே இறக்கப்படும்.

ஒரே ஊரில் சில நாடுகள் கூடி, சில நாள்களில் பல ஆட்டங்களை ஆடி முடித்துவிட்டுக் கலைந்து போவார்கள். இந்தியாவின் 16 ஆட்டங்களும் அப்படித்தான் சரிபாதியாகப் பிரிந்தன. பிப்ரவரியில் 8 ஆட்டம் புவனேஸ்வரில், சொந்த மண்ணில். ஜூனில் 8 ஆட்டம் ஐரோப்பாவில்.

சரி, அப்படி என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

பிப்ரவரியில் 5 வெற்றி, 3 தோல்வி. 15 புள்ளி. ஒலிம்பிக் வெள்ளி வென்ற ஜெர்மனியிடம் 1-4 என்று அடி வாங்கிவிட்டு மறுநாளே அதே ஜெர்மனியை 1-0 என்று வென்றார்கள். ஜூனுக்கு நம்பிக்கையோடுதான் காத்திருந்தோம்.

ஜூன் 7ஆம் தேதி நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீனில் தொடங்கியது. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. அப்புறம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போய் ஆஸ்திரேலியாவிடம் 2-3, மறுநாள் இன்னொரு 2-3. ஐந்து நாள் இடைவெளிக்குப் பிறகு பெல்ஜியத்திடம் 3-6. ஏழு ஆட்டம், ஏழு தோல்வி. ஜூன் 22 அன்று கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதோடு பருவம் முடிந்தது. மொத்தம் 18 புள்ளி, ஒன்பதில் எட்டாவது இடம். கீழே இருந்தது அயர்லாந்து மட்டும்.

ஏழு ஆட்டம் தோத்தா அது மோசமான குழுதானே? இதுல ஆராய என்ன இருக்கு?

யாரிடம் தோற்றார்கள் என்று முதலில் பாருங்கள். 2016 ஒலிம்பிக் தங்கம் அர்ஜென்டினாவுக்கு, தோக்கியோவில் பெல்ஜியத்துக்கு, பாரிசில் நெதர்லாந்துக்கு. கடைசி மூன்று தங்கமும் வாங்கிய மூன்று நாடுகளோடு ஆடினார்கள். நான்காவது நாடு ஆஸ்திரேலியா, தோக்கியோவில் வெள்ளி. இப்படி ஒரு வரிசையை அடுத்தடுத்து வைத்தால் எந்தக் குழுவும் திணறும்.

அதற்காக எதிராளி பெரியவன் என்று சொல்லி நழுவவும் எனக்கு மனம் வரவில்லை. பாரிசில் வெண்கலம் வாங்கிய குழு இது. அங்கே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது, 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் முதல் தடவையாக. பெரிய குழுக்களோடு மோதும்போது நடுங்காத குழு என்றுதான் அவர்களை நம்புகிறேன். அதனால்தான் அந்த ஏழில் என்ன கெட்டது என்று தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோல் அடிக்க ஆள் இல்லைங்கிறதுதானே பிரச்சினை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நான் அதிகம் வாதாடியதும் இதற்காகத்தான். கணக்கு எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி 8 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 16 கோல், வாங்கியது 12. ஜூன் 8 ஆட்டங்களில் அடித்தது 18, வாங்கியது 26. அடித்த கோல் கூடியிருக்கிறது! அதுவும் இன்னும் வலுவான எதிராளிகளுக்கு எதிராக, அந்நிய மண்ணில். வாங்கிய கோல்தான் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

முன்வரிசையில் அபிஷேக் அந்த மாதம் அருமையாக ஆடினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையது. இரண்டு கோல் முன்னிலையில் மூன்றாம் கால்பகுதி வரை போன ஆட்டம், கடைசியில் 2-3 என்று கைநழுவியது. ஒரு முன்வரிசை ஆட்டக்காரரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? சரிவு முழுக்க முழுக்கத் தற்காப்பில்தான் இருந்தது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஸ்ரீஜேஷ் போனதுதான் காரணம்னு எங்க மாமா அடிச்சுச் சொல்றார். சரியா?

மாமா சொல்வது எனக்குப் புரிகிறது. பாரிசில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷ் விடைபெற்றார். அவர் போட்டிருந்த 16ஆம் எண் சட்டையை மூத்தோர் குழுவில் இனி யாருக்கும் தரமாட்டோம் என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. அப்படிப்பட்ட கோல்காப்பாளர் போனால் ஓட்டை தெரியத்தான் செய்யும். அவர் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றால் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். யார் யாரைப் பிடிக்க வேண்டும், யார் எங்கே நகர வேண்டும் என்று. அந்தக் குரல் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

ஆனால் முந்தைய பதிலில் சொன்ன கணக்கை மாமாவிடம் காட்டுங்கள். பிப்ரவரியிலும் ஸ்ரீஜேஷ் இல்லை. அப்போது 12 கோல்தான் வாங்கினார்கள், மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கிரிஷன் பாத்தக், சூரஜ் கர்கேரா இருவரும் திறமைசாலிகள். ஜூனில் அவர்களுக்கு முன்னால் நின்ற தற்காப்பு வரிசை கலைந்துகொண்டே இருந்தது. அந்தப் பழியைக் கோல்காப்பாளர்கள் தலையில் மட்டும் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஹர்மன்பிரீத்துக்குக் காயம், அதனாலதானே தோத்தாங்க?

பாதி சரி. அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்கு விரலில் அடிபட்டு நடுவில் சில ஆட்டங்களில் ஆட முடியவில்லை. ஹர்திக் சிங் தலைமை ஏற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் ஹர்மன்பிரீத். அவர் வெளியே உட்கார்ந்தால் கோலும் போகும், தற்காப்பில் ஒரு தூணும் போகும்.

ஆனால் நெதர்லாந்திடம் முதல் ஆட்டத்தில் அவர் இருந்தார், கோலும் அடித்தார். அர்ஜென்டினாவிடம் 3-4 என்று தோற்ற அன்றும் இரண்டு கோல் அவருடையதுதான். அவர் இருந்தபோதும் தோற்றிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது வேறு. ஒரே ஆளை நம்பி பெனால்டி கார்னரை இத்தனை ஆண்டுகள் ஓட்டிவிட்டோம். ஜுக்ராஜ் சிங், அமித் ரோஹிதாஸ் இருக்கிறார்கள், அடிக்கவும் செய்கிறார்கள். இருந்தாலும் ஹர்மன்பிரீத் நின்றால் எதிராளியின் முகத்தில் தெரிகிற பயம் மற்றவர்கள் நிற்கும்போது தெரிவதில்லை.

அந்தப் பெனால்டி கார்னர் என்னன்னே எனக்குப் புரியல. கொஞ்சம் விளக்குங்களேன்.

கோல் கம்பத்துக்கு முன்னால் அரைவட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் தற்காப்பாளர் தவறு செய்தால் எதிராளிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். தாக்கும் குழுவில் ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். இன்னொருவர் மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றி கோலை நோக்கி வீசுவார். அதுதான் டிராக் ஃபிளிக். காக்கும் குழுவில் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும்.

அந்த ஐவரில் முதலில் பாய்ந்து ஓடுகிறவரைக் கவனியுங்கள். வரப்போகிற பந்துக்கு நேர் எதிராகத் தன் உடம்பைக் கொடுத்து ஓடுகிறார். முழங்காலுக்குக் கவசம், முகத்துக்கு முகமூடி, அவ்வளவுதான். ஹாக்கியில் இதைவிடத் துணிச்சலான வேலை வேறு இல்லை. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையில் அவர் பெயர் வராது. அமித் ரோஹிதாஸ் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறார், அதற்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

பெனால்டி கார்னரைத் தடுக்கச் சிறந்த வழி அதைக் கொடுக்காமல் இருப்பதுதான். வட்டத்துக்குள் அவசரப்பட்டு மட்டையை நீட்டுவது, பந்து காலில் படும்படி நிற்பது, இதெல்லாம் களைத்துப்போன கால்கள் செய்யும் தவறுகள். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

ஏழுல ஆறு ஆட்டம் ஒரே ஒரு கோல் வித்தியாசம். அது வெறும் துரதிர்ஷ்டம்தானே?

ஒன்றிரண்டு ஆட்டம் என்றால் நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். ஆறு ஆட்டம் என்றால் அதில் ஏதோ ஒரு வழக்கம் இருக்கிறது. நெதர்லாந்திடம் முதல் ஆட்டத்தில் வெற்றிக் கோல் விழுந்தது 58ஆம் நிமிடம். இரண்டாம் ஆட்டத்தில் 57ஆம் நிமிடம். ஹாக்கி மொத்தமே 60 நிமிடம், 15 நிமிடமாக நான்கு கால்பகுதி. அர்ஜென்டினாவோடு இரண்டு ஆட்டங்களிலும் தீர்மானித்த கோல் நான்காம் கால்பகுதியில்தான் விழுந்தது. ஆஸ்திரேலியாவோடு முதல் ஆட்டத்தை ஏற்கெனவே சொன்னேன்.

கடைசிக் கால்பகுதியில் இந்தியா என்ன செய்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். முன்னிலையோ சமநிலையோ இருந்தால் பின்னால் இறங்கி நிற்கத் தொடங்கிவிடுவார்கள். பந்து கிடைத்ததும் நிதானமாகக் கைமாற்றாமல் நீளமாக அடித்து விரட்டுவார்கள். அது எதிராளியிடம் போய், அரை நிமிடத்தில் திரும்பி வரும். ஓயாத மழையில் வாசலில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கதை, எப்படியும் ஒரு கட்டத்தில் நிரம்பி வழியும். பந்தைத் தங்களிடம் வைத்துக்கொள்வதே தற்காப்பு என்பதை நெதர்லாந்து அந்த இரண்டு இரவும் காட்டியது.

பயணம், களைப்புன்னு சொல்றதெல்லாம் சாக்குதானே அங்கிள்?

16 நாளில் 8 ஆட்டம். அதில் மூன்று முறை அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம். ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்குக் கணக்கே இல்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே போகலாம், உள்ளே வரலாம். அப்படியும் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் ஓடுகிற தூரம் சாதாரணமானதில்லை. களைப்பு உண்மை.

ஆனால் எதிராளிகளுக்கும் அதே மாதிரி அட்டவணைதான். ஆகவே களைப்பை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்வேன், முழுக் காரணமாக ஏற்கமாட்டேன். எதிராளிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தால் வேகம் குறையவில்லை. நம் குழுவில் குறைந்தது. நடுக்களத்தில் ஆடும் மன்பிரீத், ஹர்திக் இருவரும் வெளியே போன நிமிடங்களைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பயிற்சியாளரை அப்பவே மாத்தியிருக்கணும், இல்லையா?

மாற்றியிருக்கக் கூடாது. கிரேக் ஃபுல்டன் 2023இல் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் தங்கம், அடுத்த ஆண்டு பாரிசில் வெண்கலம். அவர் கொள்கையே முதலில் தற்காப்பு, பிறகு தாக்குதல் என்பதுதான். அப்படிப்பட்டவரின் குழு தற்காப்பில் சரிந்தது என்பதால் அவர்மேல் கேள்வி எழுவது நியாயம். நானும் கேட்டேன். கடைசிக் கால்பகுதியில் பின்னால் இறங்கி நிற்பது அவர் சொல்லித்தான் நடந்ததா, ஆட்டக்காரர்களே பயந்து செய்ததா என்பது முக்கியமான கேள்வி.

ஆனால் 2024 ஏப்ரலை மறக்கக் கூடாது. பெர்த் போய் ஆஸ்திரேலியாவோடு ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றார்கள். அப்போதும் எல்லாரும் இதையே சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து, மேலே சொன்ன அந்த ஒலிம்பிக் வெற்றி வந்தது. ஏப்ரலிலேயே பயிற்சியாளரை அனுப்பியிருந்தால் ஆகஸ்ட் வந்திருக்காது. இந்திய ஹாக்கியில் பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றி மாற்றிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குத் தகுதியே பெறவில்லை, 2012 லண்டனில் கடைசி இடமான பன்னிரண்டாவது. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

கீழே இறக்கிடுவாங்கன்னு பயம் இருந்துச்சா?

கொஞ்சம் இருந்தது. ஆனால் பிப்ரவரியில் எடுத்த 15 புள்ளி காப்பாற்றியது. அயர்லாந்தை அப்போது இரண்டு முறையும் வென்றது எவ்வளவு முக்கியம் என்பது ஜூனில்தான் தெரிந்தது. இறங்கியது அயர்லாந்து.

கிரிக்கெட் பாருங்களேன் அங்கிள், எதுக்கு இந்த வேதனை?

கிரிக்கெட்டும் பார்க்கிறேன், தம்பி. ஆனால் ஹாக்கி வேறு. எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் 1975இல் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கிண்ணம் திரும்பி வரவில்லை. எட்டு ஒலிம்பிக் தங்கம், கடைசியாக 1980. நான் பார்க்கத் தொடங்கியபோது அந்தப் பெருமையெல்லாம் பழங்கதை. தோற்கும் குழுவைத்தான் நான் நேசிக்கக் கற்றுக்கொண்டேன். தோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் வந்த அன்று அழுத பெரியவர்களை எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் மாலை என்றால் இங்கே இரவு பத்து, பதினொன்று. மறுநாள் வேலை இருக்கும். அப்படியும் விழித்திருந்து பார்க்கிறேன் என்றால், அந்த ஆட்டம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

நீங்க சிங்கப்பூரர்தானே? இந்தியாவுக்கு ஏன் இவ்வளவு உருகுறீங்க?

இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையாகவே வரும், அதுவும் இளையவர்களிடமிருந்து. சிங்கப்பூர் ஆடினால் நான் சிங்கப்பூர் பக்கம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஹாக்கிக் குழு ஆடியது. அதே பிரிவில் இந்தியா. 6-0 என்று இந்தியா வென்றது, தங்கமும் வாங்கியது. அந்தச் சிங்கப்பூர்க் குழுவில் ஆடியவர்களில் ஒருவர் அஜித் சிங் கில். என் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியாவின் தங்கத்தைச் சொல்வதற்கு முன்னால் இவரைப் பற்றித்தான் சொல்வேன். நம் ஊர் ஒலிம்பிக் ஹாக்கி ஆடியது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது.

பாடாங்கிலும் பாலஸ்டியர் சாலையின் சங்கத் திடல்களிலும் சீக்கியர், தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், யுரேஷியர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் இது. அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்த ஹாக்கி எது என்று கேட்டால் எல்லாரும் காட்டியது இந்தியாவையும் பாகிஸ்தானையும்தான். நமக்கு ஆட்டம் கற்றுத்தந்த பாணி அது. அந்தப் பாணிமேல் உள்ள பாசம் குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை. இங்கிலாந்துக் காற்பந்துக் குழுக்களுக்காக நள்ளிரவில் கத்துகிறவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே.

குழுவுல நம்ம தமிழ்ப் பசங்க இருக்காங்களா?

வந்திருக்கிறார்கள். அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தியும் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். 2023இல் சென்னையில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ணத்திலும் அவர் குழுவில் இருந்தார். மலேசியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று வென்ற ஆட்டம் அது.

பழைய பெயர்கள் வேண்டுமென்றால், 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவர் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம் ஆடியவர். ஆனால் இப்போதைய முதல் பதினொருவரில் தமிழர் ஒருவர் நிரந்தரமாக இருக்கிறாரா என்று கேட்டால், இல்லை. கோவில்பட்டியில் இவ்வளவு பிள்ளைகள் மட்டை பிடிக்கும்போது இது எனக்கு ஆதங்கம்தான்.

செப்டம்பர்ல ஆசியக் கிண்ணம் ஜெயிச்சுட்டாங்களே. அப்போ சரிவு முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?

மகிழ்ச்சி எனக்கும் உண்டு. பீகாரின் ராஜ்கிர் நகரில் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 4-1 என்று வென்றார்கள். அதன்மூலம் 2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கும் உலகக் கிண்ணத்துக்கு நேரடித் தகுதி. ஏழு ஆட்டத்தில் 39 கோல். ஜூனில் தோற்ற குழு மனம் உடைந்துவிடவில்லை என்பதற்கு அது போதும்.

ஆனால் சரிவுக்குக் காரணம் தற்காப்பு என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் ஆட்டத்தில் சீனாவிடம் மூன்று கோல் வாங்கினார்கள். ஜப்பானிடம் இரண்டு, கொரியாவிடம் முதல் சந்திப்பில் இரண்டு. போகப்போகத்தான் இறுகினார்கள். சீனாவை அடுத்த முறை சந்தித்தபோது 7-0, மலேசியாவோடு 4-1. முன்னேற்றம் தெரிகிறது. இருந்தாலும் ஆசியக் கிண்ணத்தில் நெதர்லாந்து இல்லை, அர்ஜென்டினா இல்லை. நவம்பரில் ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண இறுதியில் பெல்ஜியத்திடம் 0-1 என்று தோற்றார்கள். மூத்தவர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்த குழு அது, சஞ்சய் தலைமை. தோல்விதான், ஆனால் ஒரு கோல்தான் வாங்கினார்கள். ஜூனை நினைத்தால் அந்த 0-1 எனக்கு ஆறுதலாகவே இருந்தது. ஆக, சரிவு முடிந்ததா என்று கேட்டால், அது அடுத்த முறை ஐரோப்பாவில்தான் தெரியும் என்பேன்.

ஜூனியர் குழுவாவது உருப்படியா இருக்கா?

இருக்கிறது. டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையர் உலகக் கிண்ணத்தில் வெண்கலம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றதும் பலர் தொலைக்காட்சியை மூடிவிட்டார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, நான்காம் கால்பகுதியில் மட்டும் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்றார்கள். மூத்தவர்கள் ஜூன் முழுக்க எந்தக் கால்பகுதியில் இழந்தார்களோ அதே கால்பகுதி. அவர்களின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷ். மாமாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

நேர்ல பார்க்கணும்னா சிங்கப்பூர்ல இருந்து எங்க போகலாம்?

பாலத்தைத் தாண்டினால் போதும். ஜொகூர் பாருவின் தாமான் டாயா ஹாக்கி அரங்கத்தில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கான சுல்தான் ஜொகூர் கிண்ணம் நடக்கும், இந்தியா பெரும்பாலும் வரும். 2025இல் இறுதிக்கு வந்து ஆஸ்திரேலியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். வாரயிறுதியில் போகிறீர்கள் என்றால் சோதனைச் சாவடி நெரிசலுக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குழுவைப் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போ, அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு. தொலைவு அதிகம், ஆனால் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிராக் ஃபிளிக் பலகையில் மோதும் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட்டால் திரையில் பார்ப்பது போதாது என்று தோன்றும்.

அடுத்த தடவை தோக்கும்போது, இது சும்மா ஒரு தோல்வியா, இல்ல மறுபடி சரிவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோல் கணக்கை விட்டுவிட்டு 45ஆம் நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். இந்தியா பந்தைக் கைமாற்றி மேலே கொண்டுபோகிறதா, நீளமாக அடித்து விரட்டுகிறதா? முதல் வகை என்றால் தோற்றாலும் கவலைப்படாதீர்கள். இரண்டாவது என்றால் ஜூன் திரும்பி வருகிறது.

இன்னொன்று, அட்டைகள். பச்சை அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். கடைசிக் கால்பகுதியில் பத்துப் பேரோடு ஆடும் பழக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். பிறகு எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். எத்தனை கிடைத்தது என்பதைத்தான் எல்லாரும் எண்ணுகிறார்கள். கொடுத்த எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறினால் என்னிடம் சொல்லுங்கள், நானும் அன்று அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.